ஜொகூர் பாருவில் மாலா டிரம்ஸ் அடித்த ஞாயிறு

இந்தப் பயணத்துக்கு ஒரே காரணம் மாலா. பள்ளித் தோழி. ஜொகூர் பாரு பக்கத்து மாசாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை, மற்ற நேரமெல்லாம் டிரம்ஸ். இரண்டு வருடமாக எனக்கு ஜாஸ் பாட்டுகளை அனுப்பித் தள்ளினாள். நானும் கேட்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம், “மொத மொதல்ல மேடையில சோலோ அடிக்கிறேன். நீ வரலன்னா பேசாத” என்றாள். அதற்குமேல் தட்ட முடியுமா?

ஞாயிறு மதியம் 12.15க்கு எங்கள் ஊர் ரெங்கத்தில் காரை எடுத்தேன். சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலை ஏறி, ஜொகூர் பாரு போய்ச் சேர 1.50. கார் நிறுத்த இடம் தேடியதில் இன்னும் அரை மணி நேரம் போனது. பழைய கடைத்தெருவில் ஒரு காப்பிக் கடையின் மாடிதான் அரங்கம். நுழைவு இருபத்தைந்து ரிங்கிட், ஒரு பானம் உட்பட.

மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள். பியானோ, பேஸ், சாக்ஸபோன், மாலா. இரண்டாவது பாட்டிலேயே என் கால் தானாகத் தாளம் போட்டது. பிடித்துத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது!

மூன்றாவது பாட்டில் மற்றவர்கள் நிறுத்திவிட, மாலா மட்டும் வாசித்தாள். நான் எழுந்து கீழே போய்விட்டேன். எங்கள் கோயில் நவராத்திரிக் கச்சேரியில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் என்றால் பாதிக் கூட்டம் காப்பிக்கு எழும். சின்ன வயதிலிருந்து அதே பழக்கம். இதுதான் மாலா சொன்ன சோலோ என்று எனக்கு உறைக்கவே இல்லை.

உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் ஒன்று கேட்டேன். நுழைவுக்குக் காசு கட்டும்போதே கல்லாவிலிருந்த தமிழ் அக்காவிடம் மாலாவின் தோழி என்று சொல்லியிருந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அலமாக்! மேல ஒங்க கூட்டாளி சோலோ அடிக்கிறாங்க, நீங்க இங்க நிக்கிறீங்களா?”

படியேறி ஓடினேன். கைதட்டல்தான் மிச்சம்.

இடைவேளையில் மாலா என் முகத்தைப் பார்க்கவில்லை. “இன்னொரு தடவ அதையே அடியேன்டி” என்றேன்.

“அதையே எப்படி அடிக்கிறது? அப்பப்ப மனசுல வர்றதுதான்லா ஜாஸ். போனது போச்சு.”

கண்ணில் நீர் நின்றது அவளுக்கு. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

கடைசிப் பாட்டு. சாக்ஸபோன்காரர் பாதியில் வாசிப்பை நிறுத்தி மாலாவுக்குக் கைகாட்டினார். அவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள். நான் அசையவில்லை. மெதுவாகத் தொடங்கினாள். கோபமாக அடித்தாள், கேலி செய்தாள், நடுவில் திடீரென்று நிறுத்தி எல்லோரையும் காக்க வைத்தாள். மூச்சுவிட மறந்து கேட்டேன். முடித்ததும் குச்சியால் வாசலைக் காட்டி, “இப்ப போய் சாப்புடு” என்றாள். மாடியே சிரித்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு மணிக்கே போய்விடுங்கள், கார் நிறுத்தச் சுலபம். டிரம்ஸ் பக்கமாக உட்காருங்கள். சாப்பிட்டுவிட்டு மாடியேறுங்கள். ஜாஸ் புரியுமா என்று பயப்பட வேண்டாம், எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் தினமும் கேட்கிறேன். மாலாவோடு இருபது வருடப் பழக்கம். அவள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் நான் கேட்டது அந்த ஐந்து நிமிடம்தான்.