தென்றல் வரைந்த கெண்டி

பெண்ணாடம் தென்றலை விருத்தாசலம் அம்சவல்லி ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். பஸ் ஏறினால் போதும். ஏறவில்லை. சிநேகமெல்லாம் டெலிகிராமில், டிசைன் போடுகிறவர்கள் கூடுகிற ஒரு குழுவில். அங்கே யார் எதைப் போட்டாலும் முதலில் குறை சொல்ல வேண்டும், அப்புறம்தான் பாராட்டு. குறை சொல்வதில் தென்றல் கெட்டிக்காரி. பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை செய்யும் அம்சவல்லி தான் செய்த யானையைப் போட்டபோது, "அக்கா, இது யானையா, காது மொளச்ச பூசணிக்காயா?" என்று கேட்டவள். அந்த வாய்க்காகவே அம்சவல்லிக்கு அவள்மேல் உயிர்.

தென்றல் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துப் பிழைத்தாள். அவள் அனுப்பும் குரல் செய்திகளில் பின்னணி இசைபோல அம்மா அமிர்தத்தின் அர்ச்சனையும் கேட்கும்: "எப்பப் பாரு போன்ல கிறுக்கிக்கினே இருக்குறா. சோத்துக்கு ஆவுமா அது?"

கடைசியாக அவள் போட்டது ஒரு டீக் கெண்டி. கொக்குக் கழுத்துபோல நீண்டு வளைந்த மூக்கு. கோயம்புத்தூர் ராஜ்மோகன் வழக்கப்படி குறை சொன்னார்: "ஸ்கிரீன்ல நிக்குமுங்க, மண்ணுல நிக்காது."

"நிக்கும். எங்க அம்சவல்லி அக்கா செஞ்சி காட்டுவாங்க" என்று பதில் போட்டாள் தென்றல். அந்த மாதமே மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது.

அம்சவல்லி அழுதாள். அழுது ஓய்ந்ததும் கோபம் வந்தது. கேட்காமல் கொள்ளாமல் தன் பேரில் வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாளே! அது பொய்யாகப் போகக்கூடாது. கெண்டி நின்றாக வேண்டும்.

"ஆர்டர் இல்லாத சாமானுக்குச் சூளையில எடமா?" என்று முதலாளி விருத்தகிரி முணுமுணுத்தார், ஆனாலும் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார். படத்திலிருந்து இம்மியும் பிசகாமல் அச்செடுத்தாள். சூளையைத் திறந்தபோது கெண்டியின் மூக்கு தொங்கிக் கிடந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் அதே கதி.

விருத்தகிரிதான் கடுப்பில் கத்தினார்: "ஏம்மா, யானைக்குத் தும்பிக்கைய எப்பவும் தூக்கித்தானே வப்ப? இதுக்கு மட்டும் என்னா வந்துது?"

சூட்டில் மண் இளகித் தன் கனத்துக்குத் தழையும். அதற்குத் தகுந்தாற்போல் முன்கூட்டியே தூக்கி வைப்பது பட்டறையில் பாலபாடம். அம்சவல்லிக்குத் தெரியாததா? செத்தவள் போட்ட கோட்டை மாற்றக் கை வரவில்லை. பிரியம் கண்ணை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை துணிந்து மூக்கை வானம் பார்க்கத் தூக்கி வைத்தாள். சுடாத கெண்டியின் போட்டோவைக் குழுவில் போட்டதும் வசவு மழை. "அந்தப் புள்ள போட்ட கோட்டையே கெடுத்துப்போட்டீங்களே" என்றார் ராஜ்மோகன். "சூளை தொறக்கட்டும்" என்று மட்டும் எழுதினாள்.

சூளை திறந்தது. மூக்கு தழைந்து, தென்றலின் கோட்டில் வந்து கனகச்சிதமாக நின்றிருந்தது. விருத்தகிரி போனில் இருந்த படத்தையும் கெண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அடி சக்கை!" என்றார். அம்சவல்லி பட்டறையே அதிர விசிலடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடத்தில் தென்றல் வீட்டுக்குக் குழுவிலிருந்து ஒரு கூட்டமே வந்தது. ராஜ்மோகனும் ரயிலேறி வந்திருந்தார். அமிர்தம் கெண்டியில் டீயை நிரப்பிச் சாய்த்தாள். மூக்கின் நுனியிலிருந்து மெல்லிய தாரை டம்ளருக்குள் இறங்கியது. வெளியே ஒரு சொட்டு சிந்தவில்லை.

"நின்னுபோச்சுங்க. நான் தோத்துட்டனுங்க" என்று ராஜ்மோகன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"இத்தத்தான் போன்ல கிறுக்கிக்கினு கெடந்தாளா?" என்று கேட்டாள் அமிர்தம்.

"ஆமாங்கம்மா" என்றாள் அம்சவல்லி.

அமிர்தம் கெண்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டாள். எதிர்வீட்டைப் பார்த்து அவள் போட்ட சத்தம் உள்ளே எல்லோருக்கும் கேட்டது.

"ஏ காசியம்மா! வெளிய வந்து பாரு, எம் பொண்ணு செஞ்சத!"