இடித்த பிறகு வந்த சத்தம்

போன வாரம் பொந்தியான் சிக்னலில் ஓர் அங்கிள் தன் வேனால் என் பழைய காரின் முன்பக்கத்தை இடித்துவிட்டார். அன்றிலிருந்து திரும்பும்போதெல்லாம் கடகடவென்று சத்தம்.

நல்ல மனிதர். இன்று பட்டறைக்கு அவரும் கூடவே வந்தார்.

பழுது பார்க்கும் போமன் காரைத் தூக்கி அடியில் பார்த்தார். "சக்கரத்து ரப்பர் புஷ் தேஞ்சு ரொம்ப நாளாச்சு. இடிச்சதால இல்ல லா. வேற என்ன கெட்டுச்சு?"

"இடிச்சதிலேருந்து ரேடியோ பாட மாட்டேங்குது," என்றேன்.

"அதான் அந்தப் பழைய சத்தம் இப்ப காதுல விழுது!" என்றார் போமன்.

அங்கிளுக்கு உயிர் வந்தது. "ரேடியோவ நான் செஞ்சி தர்றேன்மா."

போமன் பதறிவிட்டார். "மொதல்ல புஷ்ஷ மாத்தட்டும் அங்கிள். ரேடியோ பாடுச்சுன்னா இவங்க இந்தப் பக்கமே வரமாட்டாங்க."

நீங்கள் ரேடியோவை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்ததுண்டா?