தாணுமாலையனின் கனவுக்கத்தி

என் ஜெராக்ஸ் கடை வாசலை ஒட்டி ஓர் இரும்புப் பெட்டி கிடக்கிறது. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதில் முட்டியை இடித்துக்கொண்டு என்னைத்தான் திட்டுவான். பெட்டி என்னுடையது இல்லை, தாணுமாலையனுடையது. உள்ளே அத்தனையும் கத்தி. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துச் சந்தை நெரிசலில் இடம் கிடைப்பதே பெரும்பாடு, இதில் இவனுடைய கத்திகளுக்கு நான் காவல். சிநேகிதன் என்று ஒருத்தன் வாய்த்துவிட்டால் வேறு வழி கிடையாது.

தாணு லிஃப்ட் மெக்கானிக். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். இவன் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே ஆரியசாலையில். திருவனந்தபுரத்தில் பாதி ஃபிளாட்டுகளுக்கு அவன்தான் ஆள். ஓரிடத்தில் இருக்கமாட்டான். டீ குடிக்கும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். 'நீ உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு வரும்' என்று நான் சொல்லாத நாள் இல்லை.

கத்தி சேர்க்கிறவர்களுக்கென்று வாட்சப்பில் ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் சேரும் ஒவ்வொருத்தரும் தன்னுடைய கனவுக்கத்தி எது என்று சொல்லிவிட வேண்டுமாம். கொல்லத்தில் பாங்கு உத்தியோகம் பார்க்கும் பத்மகுமார் என்பவருக்கு, பனிக்குள் புதைந்துகிடந்த பழங்காலத்து யானைத் தந்தத்தில் பிடி போட்ட மடக்குக் கத்தி வேண்டும். இன்னொருத்தருக்கு வானத்திலிருந்து விழுந்த கல்லின் இரும்பு கலந்தது வேண்டும். அதை வைத்து எதை வெட்டப் போகிறார்கள் என்று கேட்டேன். வெட்டுவதற்கு இல்லையாம். நல்ல கூத்து.

தாணு கேட்டது ஜப்பானில் ஒரு வயதான கொல்லர் அடிக்கும் சமையல் கத்தி. எவர்சில்வர் கிடையாது, சுத்தக் கரி உருக்கு, கார்பன் ஸ்டீல் என்பார்களே அது. கொல்லர் யாருக்காகவும் அவசரப்படமாட்டார், வரிசைப்படிதான் கொடுப்பார். தாணு பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தான். அந்தக் காலமெல்லாம் என் கடைக்கு வந்து போனில் படத்தைக் காட்டி, 'பாத்தியா வே, அந்த வளைவப் பாத்தியா' என்று என் உயிரை வாங்கினான்.

கத்திகள் என் கடைக்கு வந்த கதை வேறு. அவன் மனைவி நாச்சியார் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். வாய் அதிகம் கிடையாது, சொன்னால் சொன்னதுதான். எங்கள் வீடுகளில் கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கமாட்டோம். ஒருத்தர் கீழே வைத்தால் இன்னொருத்தர் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும் என்பார்கள். இந்த மகராசன் கல்யாணமான புதிதில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டிலுக்கு அடியில் கத்தியாக அடுக்கி வைத்திருந்தான். பெருக்கும்போது கண்டுபிடித்தாள். அன்றைக்கே வெளியே போனது பெட்டி, வந்து விழுந்தது என் தலையில்.

அதற்குப் பிறகு அவனும் கெஞ்சிப் பார்த்தான், கோபித்துப் பார்த்தான். அவள் அசையவில்லை. ராத்திரி அந்த நினைப்பிலேயே எழுந்து உலாத்துவானாம். சொந்த வீட்டில் ஒரு சுவர், அதில் தன் கத்தி. அவ்வளவுதான் அவன் கேட்டது.

போன புரட்டாசியில் அந்தக் கத்தி வந்தே விட்டது. வந்த அன்று அவன் அழுதான். நான் பார்த்தேன். அதைவிட ஆச்சரியம், நாச்சியார் ஒரு வழி சொன்னாள். சரஸ்வதி பூஜைக்கு அவரவர் தொழில் சாமானைச் சாமிமுன் வைத்து எடுப்போம் இல்லையா, இந்தக் கத்தியையும் வைக்கட்டும் என்றாள். சாமிமுன் இருந்து வந்தால் அது ஆயுதம் இல்லை, வீட்டுச் சாமான். பிறகு சுவரில் இருக்கட்டும், பெட்டியில் இருப்பதும் ஒவ்வொன்றாக வரட்டும் என்றாள். தாணு ஓடிவந்து அதை என்னிடம் சொன்னான். என் முட்டிகளுக்கும் விமோசனம் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

இங்கே அஷ்டமி சாயங்காலம் பூஜை வைத்தால் தசமி காலையில்தான் எடுப்பது. நடுவில் யாரும் எதையும் தொடக்கூடாது. அன்று நானும் போயிருந்தேன். தையல் கத்தரிக்கோல், அரிவாள்மணை, தாணுவின் ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் இந்தக் கத்தி. நாச்சியார் சந்தனத்தைத் தண்ணீர்விட்டுக் குழைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக் குங்குமமும் வைத்தாள். கத்தியின் அலகில் மட்டும் பெரிதாக, ஆசையாக, மூன்று பட்டை இழுத்தாள். தாணுவின் முகம் வெளுத்துவிட்டது.

மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து நின்றான். கரி உருக்கில் ஈரம் பட்டால் சில மணி நேரத்தில் துரு ஏறுமாம். வெளியே ஐப்பசித் துலாமழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது. பத்மகுமாரைப் போனில் கூப்பிட்டிருக்கிறான். அவர், தசமிவரை விட்டால் குழி விழும், எத்தனை தேய்த்தாலும் போகாது என்று சொல்லி இவனை முழுக்கக் கவிழ்த்துவிட்டார். அவன் நடந்த நடையில் என் கடை தரை தேய்ந்திருக்கும்.

"அவகிட்ட சொல்லேன் வே, வாயில என்ன கொழுக்கட்டையா" என்றேன்.

"எப்பிடிச் சொல்ல? இத்தன வருஷம் கழிச்சு அவளா மனசு எறங்கி வந்திருக்கா. சந்தனம் வைக்காதேன்னா, சாமியைவிட இரும்பு பெரிசாப் போச்சான்னு நெனைப்பா. பெறவு ஜென்மத்துக்கும் வீட்டுக்குள்ள ஏத்தமாட்டா."

எனக்கு எரிச்சலாக வந்தது. கல்யாணமாகி இத்தனை காலம் ஆனவன் பெண்டாட்டியிடம் ஒரு வாக்கியம் பேசப் பயப்படுகிறான். போய்த் தொலை என்றேன். போனான்.

மத்தியானம் திரும்பி வந்தபோது ஆளே வேறு. சிரிப்பு கொள்ளவில்லை. நாச்சியார் பழவங்காடி கோயிலுக்குப் போன நேரத்தில் கத்தியை எடுத்து, சந்தனத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டுவிட்டானாம். லேசாக மஞ்சள் பூத்திருந்ததாம், ஒரு தேய்ப்பில் போய்விட்டதாம். பிறகு சந்தனத்தைத் தண்ணீருக்குப் பதில் தேங்காய் எண்ணெயில் குழைத்து, அதே மூன்று பட்டை இழுத்து, குங்குமமும் வைத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டான். கத்தியும் தப்பித்தது, அவளுக்கும் தெரியாது, எப்படி மூளை என்றான். தொடக்கூடாத நாளில் தொட்டிருக்கிறானே என்று எனக்கு உறுத்தியது. ஆனாலும் ஜெராக்ஸ் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தசமி காலை பிரசாதம் வாங்கப் போனேன். தீபாராதனை முடிந்தது. நாச்சியார் ஒவ்வொரு சாமானாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றி எடுத்தாள். கத்தரிக்கோலில் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. ஸ்பானரிலும் அப்படியே. கத்திக்கு வந்தாள். மூன்று பட்டையும் இப்போதுதான் பூசியதுபோல ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தன. விரலால் தொட்டாள். விரலை முகர்ந்தாள். தேங்காய் எண்ணெய் வாசம் எனக்கே அடித்தது.

அவள் தாணுவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"என்னத்துக்கு எடுத்தீங்க?"

துரு, ஈரம், கரி உருக்கு, குழி என்று அவன் பாடம் ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னான். அவள் முழுக்கக் கேட்டாள்.

"சொல்லியிருந்தா சந்தனத்தப் பிடியில வச்சிருப்பேன்லா" என்றாள்.

அவ்வளவுதான். நீ சம்மதிக்கமாட்டாய் என்று நினைத்தேன் என்று தாணு ஏதோ முனகினான். சம்மதித்துத்தானே வீட்டுக்குள் கொண்டுவரச் சொன்னேன் என்று அவள் கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே கத்தியைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தான். கையில் கொடுக்காமல் என் முன்னால் தரையில் வைத்தான். இதையும் கடையிலேயே வைத்துக்கொள் என்றான். நாச்சியார் எனக்குச் சுண்டலும் அவலும் கொண்டுவந்தவள், குனிந்து அந்தத் துணிப்பொதியை எடுத்தாள்.

"இது இங்கேயே இருக்கட்டும். பெட்டியையும் கொண்டுவந்திரட்டும். எனக்குக் கத்திமேல ஒரு வருத்தமும் இல்ல."

சுவரில் ஏற்கெனவே ஆணி அடித்து வைத்திருந்தாள். அதில் அவளே மாட்டினாள். அலகில் ஒரு புள்ளி கறை இல்லை. தாணு அந்தச் சுவரையும் பார்க்க முடியாமல் அவளையும் பார்க்க முடியாமல் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தான். பெட்டியை எடுத்துப்போக அவன் இன்னும் வரவில்லை.