வராதவருக்குப் போட்ட டிக்

போன வருடம் ஆடி மாதம், ஆமத்தூர்ப் பக்கம் நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் நடந்தது இது. தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். அப்போது போய் அரை நாள் வேலையை நிறுத்தச் சொன்னால் எந்த முதலாளிக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும். எங்கள் முதலாளிக்கும் சுருங்கியது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் வேலை பார்க்கும் இடங்களில் அவர்களுடைய உரிமைகள் பற்றிப் பயிற்சி நடத்த வேண்டும் என்று கடிதம் வந்திருந்ததால் தட்ட முடியவில்லை.

நான் அங்கே போர்மேன். இருபது வருடமாகப் பாதுகாப்பு என் பொறுப்பு. என் காலத்தில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. புதிதாகச் சேருகிற எவருக்கும் முதல் நாளே ஒரு பாடம் சொல்லிக் கொடுப்பேன். சைரன் கேட்டால் கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வை, ஓடு, திரும்பிப் பார்க்காதே. எங்கள் தொழிலில் திரும்பிப் பார்க்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். கண் பார்வை கிடையாது. தொழிலாளிகளைக் கூப்பிடுவதற்கு முன்னால் முதலாளியிடமும் என்னிடமும் கொஞ்சம் பேச வேண்டும் என்றார். ஆபீசில் உட்கார்ந்தோம். எங்கள் கம்பெனியிலும் வாய் பேசாத, காது கேளாத ஒரு பெண் மூன்று வருடமாக இருக்கிறார், சரவெடி பின்னுவதில் அவர் கைவேகம் யாருக்கும் வராது, யாரும் அவரை ஒரு குறை சொன்னதில்லை என்றெல்லாம் நான் அடுக்கினேன். அந்த அம்மா பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“சைரன் அடிச்சா அவுகளுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் அவர்.

“ஒரே ரூம்ல கூட மூணு பேர் இருக்காகம்மா. யாராச்சும் தொட்டுச் சொல்லிருவாக” என்றேன்.

“அப்ப ஒரு தடவ அடிச்சுப் பாத்துருவமா?”

முதலாளி தயங்கினார். எனக்கோ ரோஷம் வந்துவிட்டது. யாருக்கும் சொல்லாமல் வாசலுக்குப் போய், கையால் சுற்றுகிற அந்தச் சைரனை நானே சுற்றினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தனை ரூம்களிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்து கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் கூடிவிட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். மனசுக்குள் என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் வாசித்தேன். ஒவ்வொருவரும் “இருக்கேன் அண்ணாச்சி” என்று சொல்லச் சொல்ல டிக் போட்டேன். அந்தப் பெண்ணின் பெயருக்கு மட்டும் பதில் வராது. தினமும் காலையில் பெயரை வாசித்து, ஒரு மூச்சு நிறுத்தி, டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவது மூன்று வருடப் பழக்கம். அன்றைக்கும் அப்படியே செய்தேன். கடைசிப் பெயரையும் முடித்துவிட்டு, எல்லாரும் வந்தாச்சும்மா என்று சத்தமாகவே சொன்னேன்.

“ஒரு பேருக்குச் சத்தமே வரலயே?” என்றார் அந்த அம்மா.

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சிரித்தார். “அவளுக்குத்தான் காது கேக்காதேம்மா, எப்படிச் சொல்லுவா?”

“அது சரி. ஆளு இங்கன நிக்கிறாகளா?”

எல்லோரும் அக்கம்பக்கம் பார்த்தார்கள். அந்தப் பெண்ணோடு ஒரே ரூமில் வேலை பார்க்கும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தொட்டிருப்பாள் என்று இவளும், இவள் தொட்டிருப்பாள் என்று அவளும் நினைத்து ஓடி வந்திருக்கிறார்கள். அதில் ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது. “திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னீக?” என்றாள்.

ரூமுக்கு ஓடினேன். மூன்று ரப்பர் விரிப்புகள் காலியாகக் கிடந்தன. நான்காவதில், சுவரைப் பார்த்து, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் சரம் பின்னிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற எனக்கு, இவரை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. சுற்றிப் போய் முன்னால் நின்றேன். என்னைப் பார்த்ததும் காலி விரிப்புகளையும் பார்த்தார். பெருவிரலை வாய்க்குக் கொண்டு போய், டீ நேரமா என்று ஜாடையில் கேட்டுச் சிரித்தார்.

விஷயம் தெரிந்ததும் முதலாளி என்னைத் தனியே இழுத்தார். “நாளையிலருந்து அவுகள வரவேண்டாம்னு சொல்லிருங்க அண்ணாச்சி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்றார். உண்மையைச் சொல்கிறேன், நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். அவர் உயிருக்கு அதுதான் நல்லது என்று தோன்றியது. அவர் பிழைப்பு என்னாகும் என்று அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை.

தனியே பேசினாலும் அந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. கோபப்படவில்லை. தவறு உங்கள் ஏற்பாட்டில், தண்டனை அவருக்கா என்று கேட்டார். வேண்டிய வசதி செய்து பார்க்காமலே அனுப்புவது சட்டப்படியும் தப்பு என்றார். மற்ற இடங்களில் விளக்கு மின்னுகிற மாதிரி வைப்பார்களாம். வெடிமருந்து புழங்குகிற ரூமில் கரண்டே கிடையாது என்று நான் உடனே மடக்கினேன். ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி.

“சரி, அவுககிட்ட கேட்டீகளா?”

யாரும் கேட்கவில்லை. வெடிக்குக் குழாய் சுற்றுகிற காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, சைரன் அடித்தால் உங்களுக்குத் தெரிய என்ன செய்யலாம் என்று எழுதி நீட்டினேன். சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார் என்பது தெரியும். எட்டாம் வகுப்பு வரை படித்தவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

‘வாசலைப் பார்த்து இடம் கொடுங்கள். மற்ற மூன்று பேரும் என் கண்ணில் பட வேண்டும். அவர்கள் எழுந்தால் நானும் எழுந்துவிடுவேன். மூன்று வருடமாக என்னை ஏன் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருக்கிறீர்கள்?’

காரணம் எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்த அந்த இடத்தில் உட்கார யாரும் ஒத்துக்கொள்வதில்லை. பேச்சுத் துணை இல்லாமல் பொழுது போகாது என்பார்கள். பேசாதவருக்குப் பேச்சுத் துணை எதற்கு என்று நினைத்து அவரை அங்கே உட்கார வைத்தது நான்தான். அதைக் காகிதத்தில் எழுத வெட்கமாக இருந்தது. தப்பு என்னுடையது என்று மட்டும் எழுதினேன்.

முதலாளி காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். வேலையை விட்டு அனுப்புகிற பேச்சு அத்தோடு நின்றது. விரிப்புகளை மாற்றிப் போட்டோம். இப்போது யாரும் சுவரைப் பார்த்து உட்காருவதில்லை. என் பாடமும் மாறியது. பக்கத்து ஆளைத் தொடு, ஓடு, அப்புறம் திரும்பிப் பார்க்காதே. அடுத்த வாரம் யாருக்கும் சொல்லாமல் மறுபடி சைரனைச் சுற்றினேன். அந்த ரூமிலிருந்து முதலில் வெளியே வந்தவர் அவர்தான். எதிர் ரூமில் ஆட்கள் எழுவது வாசல் வழியாகத் தெரிந்ததாம். கதை பேசிக்கொண்டிருந்த பக்கத்துப் பெண்ணை முழங்கையால் இடித்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

இப்போதும் தினமும் காலையில் நான்தான் பெயர் வாசிக்கிறேன். அவர் பெயர் வரும்போது நான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்து, அவர் கை உயர்ந்த பிறகுதான் டிக் போடுகிறேன். ரூமுக்குள் சரம் பின்னிக்கொண்டிருந்த ஓர் உயிரை மரத்தடியில் நிற்பதாக என் கையால் எழுதினேனே என்ற நினைப்பு, ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் என் பேனாவைப் பிடித்து நிறுத்துகிறது.