நூல் சுற்றிய ஸ்டியரிங்

சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கிறேன். ஆசைப்பட்டு வாங்கிய, இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் இருக்கிறது. அதன் ஸ்டியரிங்கை நம் கை நீளத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரு நட்டால் இறுக்கிக்கொள்ளலாம். அந்த நட்டு தேய்ந்து ஸ்டியரிங் ஆடியது. தறியில் எது ஆடினாலும் கழிவு நூலைச் சுற்றி இறுக்கிப் பழகிய கை. இதற்கும் தண்டில் நூலைச் சுற்றி நட்டை முடுக்கினேன்.

“மெக்கானிக்கிட்ட காட்டலையா?” என்றாள் மனைவி.

“தறிக்கே தாங்குது, இதுக்குத் தாங்காதா?”

இருவரும் புளியங்குடிக்குக் கிளம்பினோம். ஒரு வளைவில் ஸ்டியரிங் அப்படியே கழன்று என் நெஞ்சுக்கு வந்துவிட்டது. திருப்பினால் சும்மா சுற்றுகிறது. வண்டியோ நேரே, எதிரே வந்த எலுமிச்சை லாரியை நோக்கிப் போகிறது.

“ஏங்க, வண்டிய ஒடிங்க, ஒடிங்க!”

“ஏட்டி, கையோட வந்துட்டு!”

பிரேக்கை மிதித்தேன். லாரிக்காரர் ஒதுங்கியதால் பிழைத்தோம். கார் நின்ற பிறகும் ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்; விரல்கள் பிரியவில்லை.

லேத்தில் புது நட்டு கடைந்து மாட்டியாயிற்று. ஆனாலும் கிளம்பும் முன் ஸ்டியரிங்கைப் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்க்கிறேன். பிறகு, வெளியே நின்றபடி என் மனைவியும் இழுத்துப் பார்ப்பாள். அப்புறம்தான் ஏறுகிறாள்.