அப்பாவின் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தென்காசியிலிருந்து மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வடகரையில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போனேன்.

அப்பாவின் பழைய பைக் வாரக்கணக்கில் ஓடாமல் நின்றிருந்தது. “சாவி ஸ்விட்ச் போயிட்டுலே” என்று போனில் சொல்லியிருந்தார். ஆள் கூட்டிவருகிறேன் என்றால், “மெதுவாப் பாப்போம், என்ன அவசரம்” என்பார்.

அவசரம் எனக்குத்தான். அப்பா ரிட்டயர்டு போலீஸ். தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு குற்றாலம் வரைக்குமாவது போய் வராவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவர் நாள் முழுக்க டீவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்றால்... மகனுக்கு மனசு கேட்குமா?

வெளியே சாரல். போர்ட்டிகோவில் வைத்தே வேலையை ஆரம்பித்தார் மெக்கானிக். சாவியைத் திருப்பினால் நியூட்ரல் லைட் எரியவில்லை. ஹாரன் இல்லை. பேட்டரி நன்றாக இருந்தது. ஃப்யூஸும் போகவில்லை. “சாவி போடுத எடத்துல துரு ஏறியிருக்கும் அண்ணாச்சி” என்று ஸ்ப்ரே அடித்து, சாவியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ம்ஹூம்.

கடைசியில் ஹெட்லைட்டைக் கழற்றினார். உள்ளே பார்த்தவர், என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“ஸ்விட்ச்ல ஒண்ணும் கோளாறு இல்ல அண்ணாச்சி. அதுக்குப் போற வயரை யாரோ வெட்டியிருக்காவ. வெட்டி, ரெண்டு முனையிலயும் டேப் வேற சுத்தியிருக்காவ.”

வீட்டுக்குள் வந்து இந்த வேலையைப் பார்த்த எதிரி யார்? எனக்கு அம்மா மேல்தான் சந்தேகம். எழுபது தாண்டியும் இவருக்கு வண்டி எதற்கு என்று புலம்புகிற ஆள் அவள்தான். அடுப்படிக்குப் போய் மெல்லக் கேட்டேன்.

“எனக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது. நான் வயரை வெட்டுதேனாக்கும்” என்றாள்.

திரும்பினால், பின்னால் அப்பா.

“அவளைக் கேக்காத. வெளிய வா.”

கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“நான்தாம்லே வெட்டினேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கு என்றேன்.

“ஐந்தருவிக்குப் போயிட்டுத் திரும்புதேன். ரோடு பிரியுத எடத்துல நின்னுட்டேன். எந்தப் பக்கம் போகணும்னு தெரியல. எத்தன சீசன் டூட்டி பாத்த எடம்... வாரவன் போறவனுக்கெல்லாம் வழி சொன்ன எடம்லே அது. கடைசில ஒரு டீக்கடையில போய், வடகரைக்கு எப்படிப் போகணும்னு கேட்டேன். உள்ளூர்க்காரன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. கேரளாவுல இருந்து வாரேன்னு சொல்லிட்டேன்.”

“எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லாப்பா.”

“வண்டி ரிப்பேர்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாவ. ஓடுத வண்டியா நின்னா எனக்குக் கை சும்மா இருக்காது. அதான் வெட்டிட்டேன்.”

அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் அழுது எனக்குப் பழக்கமில்லை. மெக்கானிக்கிடம் போய், வயரை இணைக்க வேண்டாம், இருந்தபடியே மாட்டிவிடுங்கள் என்றேன். அவர் ஹெட்லைட்டைத் திரும்ப மாட்டினார்.

யோசித்துப் பாருங்கள். மிக்ஸி ஓடவில்லை என்றால் பக்கத்து வீடு வரை சொல்கிறோம். வண்டி நின்றால் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். நமக்குள் ஏதாவது நின்றுபோனால் மட்டும் — ஒருவருக்கும் தெரியாமல் டேப் சுற்றி மூடிவிடுகிறோம்.

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னோம். அவள் அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் டாக்டரிடம் போனோம். மறதி நோயின் ஆரம்பம்தான், மாத்திரையால் கொஞ்சம் மெதுவாக்கலாம் என்றார். நிறுத்த முடியுமா என்று நாங்கள் மூன்று பேரும் கேட்கவில்லை.

இதை எழுதலாமா என்று அப்பாவிடமே கேட்டேன். நாலு பேருக்குத் தெரிந்தால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே என்றும் சொன்னேன்.

“எழுதுலே. பின்னால நானும் படிச்சுத் தெரிஞ்சுக்கிடுதேன்.”