தம்பிக்கு ஒரு நத்தார்ச் சேட்

ஜவுபர் தையல்காரரை நல்ல மனுசன் என்றுதான் கல்முனைக் கடைத்தெருவில் எல்லோரும் சொல்வார்கள். சொன்ன தேதிக்கு உடுப்புக் கொடுப்பார். மிச்சத் துணியைச் சுருட்டி உடுப்போடு வைத்தே கட்டித் தருவார். ஒரு தையல்காரனிடம் இதற்கு மேல் என்ன கேட்க முடியும்? ஆனால் யாராவது முகத்துக்கு நேரே அப்படிப் புகழ்ந்துவிட்டால் மனிதர் தலையைக் குனிந்துகொண்டு ஏதாவது வேலையில் கைவைத்துவிடுவார். அடக்கம் என்று சனம் நினைத்துக்கொள்ளும். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு நத்தார் நினைவுக்கு வந்துவிடும், அவ்வளவுதான்.

தொழுகை தவறாத முஸ்லிம் மனிதருக்கு நத்தாரோடு, இயேசு பிறந்த பெருநாளோடு, என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதற்கு அவர் பிறந்த கதையிலிருந்து வரவேண்டும்.

மருதமுனை முடிந்து பெரியநீலாவணை தொடங்குகிற இடத்தில் அவருடைய உம்மாவின் வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். புருஷன் கடலுக்குப் போகிறவர், பெண்சாதி செல்லத்தங்கம். ஜவுபரைப் பெற்ற ஒன்பதாம் நாள் சல்மா உம்மா நெருப்புக்காய்ச்சலில் விழுந்தாள். அவளை மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக, பிள்ளை புட்டிப் பாலைத் துப்பித் துப்பி அழுது நீலம் பாரித்துப் போனது. செல்லத்தங்கத்துக்கு அப்போது பிறந்து ஒரு மாதமான பெண் பிள்ளை. அழுகையைக் கேட்டுப் பொறுக்காமல் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தாள், பிள்ளையை எடுத்தாள், பால் கொடுத்தாள். அவ்வளவு சுருக்கமாகத்தான் அது நடந்தது. அதன் பிறகு இரண்டு மாதம் ஜவுபரும் அந்தப் பெண் பிள்ளை றெஜினாவும் ஒரே மடியில் வளர்ந்தார்கள்.

சல்மா உம்மா சுகமாகித் திரும்பியதும் வாப்பா பள்ளிவாசல் லெப்பையிடம் போய் விளக்கம் கேட்டார். ஐந்து தரம் வயிறு நிறையக் குடித்தாலே போதும், இவன் இரண்டு மாதம் குடித்திருக்கிறான், இனி அந்தப் பெண் இவனுக்குக் கூடப்பிறந்தவள்தான், மணம் முடிக்கவும் ஏலாது, முன்னால் வர முக்காடு போடவும் தேவையில்லை என்று லெப்பை சொல்லிவிட்டார். மார்க்கமே சொன்ன பிறகு யார் மறுப்பது? ஜவுபர் ஒருத்தியை உம்மா என்றும் மற்றவளை அம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தார். இருபது நாள் மூப்பை வைத்துக்கொண்டு றெஜினா ஆயுளுக்கும் அவருக்கு அக்காவாகிவிட்டாள். கூப்பிடுவது பேர் சொல்லித்தான், அடங்குவது அக்காவுக்கு அடங்குகிற மாதிரி.

செல்லத்தங்கம் நத்தாருக்கு ஒரே துணியில் நாலு யார் அளந்து வாங்குவாள். றெஜினாவுக்குக் கவுன், ஜவுபருக்குச் சேட். மகளுக்குக் கொடுப்பதை மகனுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. ஒரு வருஷம் பூப்போட்ட சிவப்புத் துணி வந்து, ஜவுபர் அதைப் போட்டுக்கொண்டு மருதமுனைத் தெருவால் நடந்தபோது பெடியன்கள் கூவிச் சிரித்தார்கள். கழற்றவில்லையே! நத்தார்ச் சாப்பாட்டுக் கோழியை அவள் வேலிக்கு மேலால் நீட்டி ஜவுபரின் வாப்பாவிடம் அறுப்பித்துத்தான் சமைப்பாள். ஜவுபருக்கென்று ஒரு சட்டி புறம்பாக இருந்தது, அதில் வேறெதுவும் வேகாது.

ஜவுபர் தையல் படித்த பிறகு கொடுப்பது ஒரு பக்கமாக இருக்கவில்லை. துணி அந்த வீட்டிலிருந்து வரும், இரண்டு உடுப்பையும் தைத்துக் கொடுப்பது அவருடைய நத்தார்ப் பரிசு. எழுபத்தேழில் றெஜினாவுக்கு மட்டக்களப்பில் கன்னியர் மடத்துப் பிள்ளைகள் விடுதியில் சமையலைப் பார்க்கும் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து துணி வாங்குவது அவளாயிற்று. மார்கழி பிறந்தால் மட்டக்களப்பு பஸ்ஸில் வந்து இறங்கி நேரே அவர் தைக்கிற கடைக்கு வருவாள். எழுபத்தெட்டுப் புயல் கூரைகளையெல்லாம் கொண்டுபோன அடுத்த மாதத்தில்கூட வந்தாள். கடைகளில் வெள்ளத்தில் நனைந்து காய்ந்த துணிதான் அகப்பட்டது, ஓரத்தில் தண்ணீர்க் கறை. கறையைக் காலருக்குள்ளே மறைத்து வெட்டி ஜவுபர் தைத்த சேட் அது. அவர் போட்டதிலே அதுதான் திறமான சேட் என்று இன்றைக்கும் சொல்வார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜவுபர் பெண்கள் உடம்பில் அளவு நாடா வைப்பதில்லை. பெண்கள் பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொண்டுவருவார்கள், அதைப் பார்த்து வெட்டுவார். றெஜினாவுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. வந்ததும் பார்சலை மேசையில் போட்டுவிட்டு இரண்டு கையையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்பாள், தம்பி நாடாவோடு எழும்பி வருவார். கூடப்பிறந்தவளுக்கு என்ன கூச்சம்?

எண்பதில் ஜவுபருக்குச் சாய்ந்தமருதில் கலியாணமாயிற்று. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பது. மனைவி அஸீஸாவிடம் றெஜினாவைப் பற்றி முதல் கிழமையே சொல்லிவிட்டார், அவளும் நத்தாருக்கு மதினி வீட்டுக்கு வட்டிலப்பம் அவித்துக் கொடுத்துவிடப் பழகிக்கொண்டாள். அஸீஸாவின் தாய்மாமன் மீராமுகைதீன் கல்முனையில் நல்ல இடமாகப் பார்த்துச் சொந்தக் கடை எடுத்துக் கொடுத்தார். பின்னேரங்களில் அவரும் இரண்டு கூட்டாளிகளும் கடைக்குள் வந்திருந்து ஊர்க்கதை கதைப்பார்கள். அவர்களிடம் இந்தப் பால்குடிக் கதையைச் சொல்ல ஜவுபருக்குச் சந்தர்ப்பம் வரவில்லை. வரவில்லை என்றுதான் அவர் சொல்கிறார்.

எண்பத்தைந்து சித்திரையில் தமிழர், முஸ்லிம்கள் இரண்டு சனத்துக்கும் நடுவே கலவரம் மூண்டது. பிறகு ஓய்ந்தது, பஸ் ஓடியது, சந்தையும் கூடியது. ஆனால் கதை மாறிவிட்டது. யார் யாரோடு நிற்கிறான் என்று பார்க்கிற கண்கள் கடைத்தெருவில் கூடிப்போயின. ஜவுபரின் கடையிலும் பின்னேரக் கதை அதைப் பற்றியே ஓடும். அவர் மெசினை மிதிப்பார்.

அந்த மார்கழியில் ஒரு பின்னேரம், மாமாவும் கூட்டாளிகளும் வாங்குப் பலகையில் இருக்கும்போது, றெஜினா வந்தாள். நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் சின்னச் சிலுவை. பார்சலை மேசையில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டு, வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கி நின்றாள்.

வாங்கில் கதை நின்றுவிட்டது. மூன்று பேரும் பார்த்தார்கள். ஜவுபரின் கை நாடாவுக்குப் போனது. போன கை நாடாவைத் தாண்டிப் போய்த் ரசீதுத் துண்டு எழுதுகிற புத்தகத்தை எடுத்தது.

“அளவுச் சட்டை கொண்டு வரல்லயா?” என்று கேட்டார்.

றெஜினா உடனே விளங்கிக்கொள்ளவில்லை. பகிடி விடுகிறான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு வாங்கைப் பார்த்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள், கையை மெல்லக் கீழே இறக்கினாள்.

மீராமுகைதீன் எட்டிப் பார்சலைப் பார்த்துவிட்டு, சும்மா கதைக்கு, சேட்டுத் துணியும் இருக்கிறதே, அது ஆருக்கு என்று கேட்டார். றெஜினா மாமாவுக்குப் பதில் சொல்லாமல் ஜவுபரையே பார்த்தாள். சொல்லு என்று பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். ஜவுபர் குனிந்து தேதியை எழுதினார். எழுதிய தேதியின் மேலேயே திரும்பவும் எழுதினார்.

“என்ட தம்பிக்கு,” என்றாள் றெஜினா.

“அளவு?” என்று ஜவுபர் தலை நிமிராமல் கேட்டார். அந்தக் கேள்வியை ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. ஒரு பொய்யைத் தொடங்கினால் அது தானாகவே நடந்து போகும்போல.

“உங்கட அளவுதான் வரும். உங்களுக்குத் தைக்கிற மாதிரியே தையுங்க.”

முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அவரை நீங்கள் என்று சொன்னது அன்றைக்குத்தான். துண்டை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். யார் அது என்று மாமா கேட்டார். “ஆரோ ஒரு ஆள் மாமா, நத்தாருக்குத் தைக்கக் குடுக்க வந்தது,” என்றார் ஜவுபர். மாமாவும் அதற்கு மேல் கேட்கவில்லை, கதை வேளாண்மைக்குத் திரும்பிவிட்டது.

இரண்டு உடுப்பையும் அவர் எவ்வளவு கவனமாகத் தைத்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. குற்றம் செய்தவன் கை நுணுக்கமாகத்தான் வேலை செய்யும். அவள் எடுக்க வரும்போது சொல்வதற்கு நாலு வசனம் மனதுக்குள் கட்டி வைத்திருந்தார். இருபத்திநாலாம் தேதி துண்டோடு வந்தது செல்லத்தங்கம். விடுதியில் வீட்டுக்குப் போக வழியில்லாத பிள்ளைகள் சிலர் நிற்கிறார்களாம், றெஜினா முதல் நாளே திரும்பிவிட்டாளாம்.

“இதென்ன மனே, எங்களுக்கும் துண்டு எழுதுற அளவுக்கு வந்திட்டயா?” என்று அவள் சிரித்தாள். “கடையில சனம் கூட, உடுப்பு மாறிப்போகுமெண்டு நீ பயப்படுறயாம். றெஜினா சொன்னாள்.”

“ஓம் அம்மா,” என்றார் ஜவுபர்.

தன்னைக் காப்பாற்ற அக்கா சொல்லி வைத்த பொய்யையும் எடுத்துப் போட்டுக்கொண்டார், வெட்கம் கெட்ட மனிதர். அடுத்த நாள் புதுச் சேட்டோடு அந்த வீட்டில் இருந்து சாப்பிட்டார். அம்மா கறியை அள்ளி அள்ளிப் போட்டாள். தைத்த கையைப் பிடித்துப் பார்த்துப் புகழ்ந்தாள். றெஜினாவின் கதிரை சுவரோடு சாத்திக் கிடந்தது.

அடுத்த வருஷம் முழுக்க அவள் கடைப் பக்கம் வரவில்லை. எண்பத்தாறு மார்கழியில் செல்லத்தங்கத்தின் கையில் பார்சல் வந்தது. பிரித்தார். வழக்கம்போல இரண்டு துண்டுத் துணி, ஒரே துணி, வெளிர் பச்சை. அதற்குக் கீழே மடித்து வைத்த பழைய சட்டை ஒன்று. அளவுக்கு.

அது அவரே தைத்த சட்டை. கோபத்தில் அவள் அனுப்பவில்லை என்பதுதான் அவரைக் கொன்றது. அளவுச் சட்டை கேட்டாய், இதோ தந்துவிட்டேன், இனி உனக்குக் கடையில் இடைஞ்சல் இல்லை. சட்டை அதைத்தான் சொன்னது.

அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அஸீஸாவின் முன்னால் வைத்து, ஒரு வருஷமாக மறைத்ததையெல்லாம் சொன்னார். அவள் ஏசவில்லை. நேரே மாமா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். மீராமுகைதீன் மறுநாள் கடைக்கு வந்து வாங்கில் இருந்தார்.

“பால்குடிச் சகோதரிய ஆரோ ஒரு ஆள் எண்டு என்னட்டச் சொன்னீங்களே மருமகன்,” என்றார். “சொல்லியிருந்தா நான் எழும்பிக் கதிர குடுத்திருப்பனே.”

அதுவரைக்கும் ஜவுபரிடம் ஒரு நியாயம் மிச்சமிருந்தது. காலம் அப்படி, பக்கத்தில் இருந்தவர்கள் அப்படி என்று. மாமா அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கிழமையே துணியை வெட்டாமல் பையில் வைத்துக்கொண்டு, நாடாவையும் எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினார். நான் அவட தம்பி, நான் அவட தம்பி என்று பஸ் போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இரண்டு சோதனைச் சாவடியில் இறக்கிச் சோதித்து ஏற்றினார்கள். விடுதி வாசலில் ஒரு கன்னியாஸ்திரி இருந்தா. அவ பேர் கேட்டா, ஜவுபர் சொன்னார். பேரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, றெஜினாவுக்கு நீங்கள் என்ன முறை என்று கேட்டா.

கேட்டது மரியாதையாகத்தான். உள்ளே பிள்ளைகள் சாப்பிடுகிற சத்தம். பக்கத்தில் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தையல்காரர், சிஸ்டர்,” என்றார் ஜவுபர். “சட்டைக்கு அளவெடுக்க வந்த.”

வாயை விட்டுப் போன பிறகுதான் நடையில் றெஜினா நிற்பதைக் கண்டார். கையில் அகப்பை. எல்லாம் கேட்டிருந்தது.

“தையல்காரர் இல்ல சிஸ்டர்,” என்றாள், யோசிக்கவே இல்லை. “இவன் என்ட தம்பி. எங்கட அம்மாட பால் குடிச்சு வளந்தவன்.”

கன்னியாஸ்திரி எழும்பித் தன் கதிரையையே இழுத்துப் போட்டா. நின்றவர்களில் ஒருவர் தேத்தண்ணி சொல்லப் போனார். அவ்வளவுதான் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை.

றெஜினா அவரைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அவர் அன்றைக்குக் கடையில் நடந்ததைத் தொடங்கினார். கட்டி வைத்த வசனம் ஒன்றும் வரவில்லை. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அண்டைக்கு உன்ட ஆக்கள் இருந்தாங்க, பயந்த. அத நான் விட்டுட்டன்,” என்றாள். “இண்டைக்கு ஆருக்குடா பயந்த?”

மாமா இல்லை, கடைத்தெரு இல்லை, கலவரமும் இல்லை. அங்கே அவர் மட்டும்தான் நின்றார். அவள், பிள்ளைகளுக்குக் கறி போட வேண்டும், கெதியாக எடு என்று சொல்லி, அகப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

அவர் நாடாவைத் தோளில் வைத்தார். இலக்கம் தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர். அவளே கழுத்தைத் திருப்பி, நாடாவைப் பார்த்து, ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.